செட்டைப் பிரியுங்கள்: இருக்கிற நகையை உங்கள் ரசனைக்குச் சேர்த்துப் போட ஒரு முழு வழிகாட்டி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கலியாண வீட்டுப் பந்தலுக்குள் நின்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். சாறி வேறு வேறு, முகம் வேறு வேறு, கழுத்தும் காதும் மட்டும் ஒரே அச்சு. ஓர் அட்டியல், அதே பூவைச் சின்னதாக்கின தோடு, அதை இன்னும் சின்னதாக்கின மோதிரம். கடைக்காரர் வெல்வெட் பெட்டிக்குள் எப்படி அடுக்கித் தந்தாரோ, அதே ஒழுங்கில் அப்படியே ஆளில் ஏறியிருக்கும்.

ரசனை இல்லாமல் வந்த நிலை இல்லை இது. எங்கள் பக்கம் நகை முதலில் சேமிப்பு. வெள்ளாமைக்குக் காசு தேவைப்பட்டால் அடகுக்குப் போகும், அறுவடை முடிய மீண்டு வரும். மகளுக்கு வீடு, வளவு, அதோடு இத்தனை பவுண் என்று கணக்கில் எழுதப்படும். எட்டுக் கிராம் ஒரு பவுண் என்று எடையாகவே பார்த்துப் பழகின கண்ணுக்கு அது எப்படி இருக்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை. முழு செட்டையும் போட்டால்தான் இருக்கிறது என்று தெரியும் என்ற நினைப்பும் அங்கேயிருந்துதான் வந்தது.

மணப்பெண் அலங்காரத்துக்குப் போய் வருகிறவள் என்ற அளவில் நான் சொல்வது ஒன்றுதான்: செட்டைப் பிரியுங்கள். தங்கம் விற்கிற விலையில் புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. பழையதை உருக்கிப் புதிதாகச் செய்யவும் அவசரப்பட வேண்டாம், செய்கூலியிலும் சேதாரத்திலும் கொஞ்சம் போய்விடும். வீட்டில் இருப்பதை வைத்தே தொடங்கலாம்.

முதலில் எல்லாவற்றையும் கொட்டுங்கள்

பகல் வெளிச்சத்தில், யன்னல் ஓரமாக, ஒரு வெள்ளை விரிப்பில். டியூப் லைட்டில் தங்கத்தின் நிறம் சரியாகத் தெரியாது. தங்கம் மட்டும் போதாது. வெள்ளிக் கொலுசு, கவரிங், பாசிமணி மாலை, சோடி தொலைந்த ஒற்றைத் தோடு, கொளுக்கி உடைந்த சங்கிலி, மகளின் அரங்கேற்றத்துக்கு வாங்கிப் பிறகு தொடாமல் கிடக்கும் டெம்பிள் செட் எல்லாம் வரட்டும். பரதம் படிக்கிற பிள்ளைகள் இங்கே ஏராளம். கல்லடியில் விபுலானந்தர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகமே இருக்கிறது. அதனால் பல வீடுகளில் இந்த ஆட்ட நகை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் உறங்கும்.

இப்போது செட்டாக அடுக்காமல், நீளத்தின்படி அடுக்குங்கள்: கழுத்தோடு ஒட்டுவது, நெஞ்சில் நிற்பது, அதற்குக் கீழே தொங்குவது. பிறகு அதையே நிறத்தின்படி அடுக்குங்கள். ஒரே பெட்டியில் வந்த அட்டியலும் தோடும் வேறு வேறு கும்பலுக்குள் போவதைப் பார்ப்பீர்கள். கடையில் ஒன்றாக இருந்தவை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடி அந்த இடத்திலேயே கொஞ்சம் தளரும்.

ஒற்றைத் தோட்டை ஒதுக்க வேண்டாம். பத்தரிடம் கொடுத்துப் பின் திருகைத் தட்டி ஒரு வளையம் வைத்தால் அது பதக்கம். டெம்பிள் செட்டில் தலையின் இரு பக்கமும் வைக்கிற சூரியப் பிறை, சந்திரப் பிறை இருக்கிறதே, அதில் சந்திரப் பிறையை மட்டும் எடுத்துத் தாழ்வான கொண்டையின் ஒரு பக்கத்தில் குத்திப் பாருங்கள். கழுத்தில் ஒன்றும் தேவைப்படாது.

தலைவி ஒன்று போதும்

ஒருவர் உங்களைக் கண்டவுடன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? அதை முடிவுசெய்யுங்கள். அது காதாக இருக்கலாம், கழுத்தாக இருக்கலாம், கையாகவும் இருக்கலாம். அந்த நகைதான் தலைவி, மற்றதெல்லாம் அவளுக்கு வழிவிட வேண்டும். பெரிய சிமிக்கி என்றால் கழுத்தில் நூல்போல ஒரு சங்கிலி, அல்லது ஒன்றுமே இல்லை. அகல அட்டியல் என்றால் காதில் ஒட்டுத் தோடு. இரண்டு கை நிறையக் காப்பு என்றால் காதும் கழுத்தும் அமைதியாக இருக்கட்டும்.

சொல்வது சுகம், போய் நிற்பது கஷ்டம். சிமிக்கியோடு மட்டும் கலியாண வீட்டுக்குப் போன பிள்ளையிடம் கட்டாயம் யாராவது கேட்பார்கள்: "என்ன புள்ள, கழுத்துல ஒண்டுமில்லாம வந்திருக்காய்?" அதற்குச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. "காதப் பாருங்க மாமி" என்று தலையை ஒரு பக்கம் திருப்பினால் போதும். பெரும்பாலும் அடுத்த கேள்வி சிமிக்கியை எங்கே வாங்கினாய் என்றுதான் வரும்.

எது தலைவியாக நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் எல்லாம் போட்டு முடித்துப் போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போனதும் எது முன்னுக்கு வருகிறது, எது எதோடு போட்டி போடுகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

தாலிக்கொடி போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. விசேஷ நாளில் கொடி கழுத்தில் இருந்தால் தலைவி அதுதான், வேறு யாரையும் தேட வேண்டாம். கொடி கனமானது, கீழே இறங்கி நிற்பது. அதற்குத் துணை கழுத்தோடு ஒட்டின ஒன்றுதான். கொடியின் நீளத்திலேயே இன்னொரு ஆரம் போட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தாலி எங்கோ ஒரு மூலைக்குப் போய்விடும்.

கழுத்து: நூலை வைத்து அளவெடுங்கள்

அடுக்கிப் போடுவதில் பிழை வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஒரு தையல் நூலை 16, 18, 22, 28 அங்குலத்தில் வெட்டி, ஒவ்வொன்றாகக் கழுத்தில் சுற்றிக் கண்ணாடி பாருங்கள். பொதுவாக 16 கழுத்தடியில் நிற்கும், 18 காறை எலும்பில், 22 நெஞ்சில், 28 அதற்கும் கீழே. கழுத்தின் பருமனைப் பொறுத்து உங்களுக்கு இது மாறும். உங்கள் உடம்பில் எது எங்கே நிற்கிறது என்று ஒரு கடதாசியில் குறித்து நகைப்பெட்டி மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.

இரண்டு சங்கிலி சேர்த்துப் போட்டால் இடையில் குறைந்தது இரண்டு அங்குலம் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒன்றை ஒன்று முட்டி, சேர்த்துப் போட்டதாகத் தெரியாமல் தவறிப் போட்டதாகத் தெரியும். நீளம் சரியாக அமையாவிட்டால் பத்தரிடம் இரண்டு அங்குலப் பின் சங்கிலி ஒன்று கேளுங்கள், நடுவில் இரண்டு மூன்று வளையம் வைத்து. ஒரே அட்டியலை மூன்று உயரத்தில் நிறுத்தலாம். இருக்கிற நகைக்குச் செய்யக்கூடிய மலிவான மாற்றம் இதுதான் என்பேன்.

ஒரே தடிப்பு, ஒரே பின்னல் உள்ள இரண்டு சங்கிலி எப்படியும் சிக்கும். தட்டையான ஒன்று, முறுக்குச் சங்கிலி ஒன்று என்று மாற்றுங்கள். கனமான பதக்கம் எப்போதும் ஆக நீளமானதில் தொங்க வேண்டும், அப்போதுதான் அது இழுத்துப் பிடித்துத் தன் இடத்தில் நிற்கும். பின்னங்கழுத்தில் இரண்டு சங்கிலியின் கொளுக்கியையும் ஒரு துண்டு நூலால் சேர்த்துக் கட்டிக் கூந்தலுக்குள் மறைத்துவிட்டால் நாள் முழுக்கத் திரும்பாது.

சாறிக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு. முந்தானை இடது தோளில் ஏறுவதால் நீளச் சங்கிலியின் பாதி அதற்குள் ஒளிந்து, பதக்கம் வலது பக்கம் இழுபடும். மடிப்பை ஒடுக்கமாகப் பின் குத்தி, கடைசியாகச் சங்கிலியை முந்தானைக்கு மேலால் போடுங்கள். விரித்துவிட்ட முந்தானை என்றால் நீளச் சங்கிலியை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

சட்டைக் கழுத்தையும் பார்க்க வேண்டும். உயர்ந்த கழுத்து, போட் நெக் என்றால் அட்டியல் துணியோடு மல்லுக்கட்டும், நீளமானதுக்குப் போங்கள். வட்டமாக இறங்கின கழுத்துக்கு அட்டியலுக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல் இடம் வெறுமையாகத் தெரிய வேண்டும். 'வி' கழுத்தில் பதக்கம் அந்தக் கூருக்குள்ளேயே முடிய வேண்டும்.

தங்கத்துக்குள்ளேயே நிறம் பல

இங்கே எல்லோரும் கவனிக்காமல் விடுகிற விஷயம் இது. உள்ளூரில் செய்தது பெரும்பாலும் 22 கரட், 916 முத்திரை. அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். வளைகுடா நாடுகளில் வேலை செய்து வந்தவர்கள் கொண்டுவருவதில் 21 கரட்டும் 18 கரட்டும் இருக்கும். முத்திரை 875, 750. மிச்சப் பங்கில் செம்பு கூடினால் தங்கம் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். அம்மம்மாவின் சிவந்த காப்பையும் சவூதியிலிருந்து வந்த வெளிர் மஞ்சள் காப்பையும் ஒரே கையில் ஒட்டிப் போட்டால் இரண்டில் ஒன்று கவரிங் மாதிரித் தெரியும். இரண்டும் அசல் தங்கம் என்று யாருக்குப் போய் விளக்குவது?

ஒன்றை வலது கைக்கும் மற்றதை இடது கைக்கும் மாற்றுங்கள். ஒரே கையில்தான் வேண்டும் என்றால் நடுவில் கல் வைத்த ஒன்றையோ முத்துச் சரத்தையோ விடுங்கள். கண் ஒப்பிடுவதை விட்டுவிடும்.

தங்கத்தோடு வெள்ளி சேராது என்கிறவர்கள் தங்கள் காலைக் குனிந்து பார்த்ததில்லை போலும். மேலே தங்கம், காலில் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் என்று எங்கள் பெண்கள் காலங்காலமாகக் கலந்துதான் போடுகிறார்கள். சேர்க்கலாம், ஆனால் பாதிக்குப் பாதி வேண்டாம். ஒன்று அதிகமாக, மற்றது கொஞ்சமாக. இரண்டு நிறமும் உள்ள ஒரு மணிக்கூடு கையில் இருந்தால் அது இரண்டையும் இணைத்துவிடும்.

கொலுசு பற்றி இடைச்செருகலாக ஒன்று. வைகாசியில் கண்ணகைக்குக் குளிர்த்தி பாடுகிற ஊர் எங்களுடையது. அவள் சிலம்புக்குள் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்து. வெளியில் வித்தியாசம் தெரியாததால்தான் வழக்கே வந்தது. நம் கொலுசுக்கு அவ்வளவு பெரிய கதை வேண்டாம். சத்தம் வருகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கந்தோருக்குச் சத்தமில்லாதது.

கல்லும் துணியும்

சாறியின் உடல் நிறத்துக்கு நகை தேடாதீர்கள். அதற்குள் ஆகக் குறைவாக இருக்கிற நிறத்தைத் தேடுங்கள். மாம்பழ மஞ்சள் பட்டில் விரலளவு பச்சைக் கரை இருக்கிறது என்றால், காதில் மட்டும் ஒரு சொட்டுப் பச்சைக் கல் போதும். கழுத்திலும் பச்சை, கையிலும் பச்சை, நெற்றியில் பச்சைப் பொட்டு என்று போனால் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி ஞாபகம் வரும்.

சரிகை தங்க நிறமா வெள்ளி நிறமா என்று பார்ப்பதும் உதவும். சரிகையே இல்லாத மருதமுனைக் கைத்தறிச் சேலைதான் என் விருப்பம். சாம்பல் கட்டமும் மெரூன் கரையும் உள்ள ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மினுமினுக்கிற தங்க அட்டியல் பொருந்தாது. கறுப்பு நூலில் கோத்த ஒரு வெள்ளிப் பதக்கம், கருமை ஏற்றின வெள்ளித் தோடு, ஒரு கையில் மட்டும் தடித்த வெள்ளிக் காப்பு. மூக்குத்தி தங்கமாகவே இருக்கட்டும், அந்த ஒரு புள்ளி போதும்.

இலங்கையில் கிடைக்கிற கற்களில் நீலக்கல்லுக்கு இரத்தினபுரி, சந்திரகாந்தக் கல்லுக்கு மீட்டியாகொட. சந்திரகாந்தம் வெள்ளியில் வைத்தால் அவ்வளவு வடிவு, நீலக்கல்லைப் போல விலையும் பயமுறுத்தாது. நீலம் ஒத்துவராது என்று சாத்திரி சொல்லியிருந்தால் அதே நிறத்தில் கண்ணாடி மணி போடுங்கள், சனீஸ்வரன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காது, மூக்கு, கை

கனமான சிமிக்கி காதுத் துளையை மெல்ல மெல்ல நீட்டிவிடும். மாட்டல் போட்டுப் பாரத்தைக் கூந்தலுக்கு மாற்றுங்கள். மாட்டல் இருந்தால் அதுவே ஒரு நகை, நெற்றிச்சுட்டி வேண்டாம். மலிவுத் தோடு போட்டதும் காது கடித்தால் அநேகமாக அதிலுள்ள நிக்கல்தான் காரணம். தண்டு மட்டும் வெள்ளி, தங்கம் அல்லது டைட்டேனியமாக இருப்பதைத் தேடுங்கள். மூக்குத்தி போட்டிருந்தால் அதன் கல்லும் தோட்டின் கல்லும் ஒரே நிறமாக இருந்தால் முகம் தெளிவாகத் தெரியும்.

காப்பு வாங்கும்போது 2-4, 2-6, 2-8 என்பார்கள். உள் விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு, ஆறு, எட்டுப் பங்கும் என்று அர்த்தம். மில்லிமீற்றரில் ஏறத்தாழ 57, 60, 63.5. வெவ்வேறு அளவுக் காப்புகளை ஒரு கையில் கலந்தால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், அடுக்கு நிற்காது. கண்ணாடிக் காப்போடு தங்கம் கலப்பது விசேஷ நாளுக்கு வடிவுதான். தினமும் வேண்டாம், கண்ணாடி தங்கத்தை விடக் கடினமானது, உரசி உரசித் தங்கம் தேயும். வைர மோதிரத்துப் பக்கத்தில் 22 கரட் மோதிரம் போட்டாலும் இதே கதி.

அபாயாவும் ஹிஜாபும் அணிகிற காத்தான்குடி, சாய்ந்தமருதுத் தோழிகளுக்குக் கழுத்துக் கணக்கு வெளியில் உதவாது. ஆனால் கை முழுவதும் உங்கள் மேடை. கறுப்பு அபாயாவின் கை ஓரத்தில் தடித்த ஒற்றைக் காப்பும் பெரிய கல் மோதிரமும் தெரிகிற அளவுக்குப் பட்டுச் சேலையில்கூடத் தெரியாது. ஹிஜாபில் முத்துப் பின் குத்தினால் மோதிரத்திலும் முத்து வரட்டும். தடித்த தோடு துணிக்குள் கன்னத்தை அழுத்தும், தட்டையானதையே போடுங்கள். பெண்கள் மட்டும் கூடுகிற கலியாண வீட்டில் நீளக் கணக்குக்கு வந்துவிடலாம்.

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து

பாடசாலைக்குச் சாறியில் போகிற ரீச்சர்மாருக்கு ஒரு மெல்லிய சங்கிலி, ஒட்டுத் தோடு, ஒரு கையில் மணிக்கூடு போதும். கரும்பலகையில் கை தூக்கி எழுதும்போது காப்புச் சத்தம் பிள்ளைகளின் கவனத்தைக் கெடுக்கும். ரசனையைக் காட்ட வேண்டுமா, வாரத்துக்கு ஒரு புரூச்சை மாற்றிக் குத்துங்கள்.

மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும் கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் போகும்போது தொங்குவது, கொளுவுவது எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சன நெரிசலில் தொங்கட்டான் யாருடைய சேலையிலாவது மாட்டும், அறுத்துக்கொண்டு போகிற கையும் இருக்கும். கெம்புக் கல் நகையோடு தீர்த்தத்தில் இறங்கவே வேண்டாம். மலிவு விலைக் கல்லுக்குப் பின்னால் மினுங்கும் தாள் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே போனால் அது கறுத்து, கல் செத்துப்போனதுபோல ஆகிவிடும்.

கல்லடி, பாசிக்குடாக் கடற்கரைக்கு முத்தும் சந்திரகாந்தமும் வேண்டாம். கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கிற மோஸ் அளவில் கடல் மணலிலுள்ள குவாட்ஸ் 7, சந்திரகாந்தம் 6 சொச்சம், முத்து ஏறத்தாழ 2.5 முதல் 4.5. மணல் பட்டால் கீறும். பாசிமணி, மரமணி, சிப்பி நகைகளுக்கு அதுதான் இடம்.

மரண வீட்டுக்கு ஒட்டுத் தோடும் தாலியும் தவிர எதுவும் வேண்டாம்.

உப்புக்காற்றும் வியர்வையும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறவர்கள் நாங்கள். கவரிங் இங்கே வியர்வையிலேயே வெளுத்துவிடும், உள்ளே இருக்கிற செம்பு தோலில் பச்சையாகப் படியும். போட்டுக் கழற்றினதும் மெல்லிய துணியால் துடைத்து, காற்றுப்படாத சின்னப் பைக்குள் தனித்தனியே போடுங்கள். சென்ட் அடித்து, பவுடர் போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் முத்து கழுத்தில் ஏற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டியதும் அதுதான்.

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். ஒரு கோப்பையில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு தேக்கரண்டி அப்பச் சோடா தூவி, சுடுதண்ணீர் ஊற்றி, வெள்ளி தாளில் முட்டுகிற மாதிரி சில நிமிடம் வையுங்கள். கறுப்பு தாளுக்குப் போய்விடும். கல், முத்து வைத்ததையும், வேண்டுமென்றே கருமை ஏற்றின வெள்ளியையும் இதில் போடக் கூடாது. திருநீற்றால் கொலுசைத் தேய்க்கிற பழைய முறையும் சரிதான், ஆனால் முலாம் பூசினதைத் தேய்த்தால் முலாமே போய்விடும்.

கடைசி வேலை ஒன்று. பொருந்தி வந்த ஒவ்வொரு சேர்க்கையையும் விரிப்பில் வைத்துப் போனில் படமெடுத்து, எந்தச் சாறிக்கு என்று பெயர் போட்டு ஒரு அல்பத்துக்குள் வையுங்கள். நகை அடகிலோ வங்கி லொக்கரிலோ இருக்கிற காலத்தில் எது கையில் உண்டு, எது இல்லை என்பதும் அதிலேயே தெரியும். கல்முனை பஸ்ஸுக்கு நேரமாகிற காலையில் பெட்டியைக் கிளறாமல் படத்தைப் பார்த்து எடுத்துப் போடலாம், சாறிக்குப் பின் குத்துகிற நேரம்கூட ஆகாது.